அட்டையைக் காட்டி வாங்கிய மாத்திரைகள்

கப்பலில் ஏறுவதற்கு இருபத்தைந்து நாள் இருந்தபோது, மாத்திரைகளை எப்படிக் கட்ட வேண்டும் என்று என் மகள் போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. எனக்கா பாடம்? முப்பத்தொரு வருடம் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் நான். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்து விழும். முகவரியை ஒரே பார்வை பார்த்து, எதிரே இருக்கும் கட்டங்களில் ஊர் ஊராகச் செருகிக்கொண்டே போக வேண்டும். மேலூர் கடிதத்தைத் திருமங்கலம் கட்டத்தில் போட்டுவிட்டாய் என்று யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது கிடையாது. அந்தத் திமிர் எனக்கு இன்னும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டுக்காரரின் மாத்திரைகளில் வைத்தேன்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. மதுரை சிம்மக்கல்லில் தண்ணீர் மோட்டாருக்கு உதிரிப் பாகம் விற்கும் கடை வைத்திருந்தார். பத்து வருடமாகப் பிரஷர், ஆறு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குமுன் நான்கு வகை மாத்திரை. வீட்டுக்கு வந்த பிறகு ஏழு வகை.

ஏழு என்றதும் நான் ஒன்றும் அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். சின்னச் சின்னப் பழுப்புக் கவர்கள், ஒரு வாரத்துக்கு இருபத்தொன்று. காலை, மதியம், இரவு என்று முதல் எழுத்து மட்டும் மேலே எழுதியிருக்கும். அட்டையிலிருந்து எல்லா மாத்திரைகளையும் பிதுக்கித் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, வடிவம் பார்த்து, கவர் கவராகப் போட்டு மடித்துவிடுவேன். இருபது நிமிடம் ஆகும். வேளைக்கு ஒரு கவரைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டுவேன். அவர் என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

தீர்ந்துபோனால் வாங்குவது எப்படி என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டு முதல் மாதத்தோடு எங்கேயோ போய்விடும். அதற்குப் பிறகு காலி அட்டைதான் சீட்டு. அதை மருந்துக் கடையில் நீட்டினால், கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு அதே மாதிரி எடுத்துக் கொடுப்பார். பத்து வேண்டாம், ஆறு போதும் என்றால் கத்தரியால் வெட்டித் தருவார். பழைய நான்கு மாத்திரைகளை எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு வந்தவற்றைச் சிம்மக்கல்லில் தள்ளுபடி தரும் ஒரு கடையில் அவருடைய தம்பி வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு கடைக்காரர்களும் நல்லவர்கள். ஆளுக்குப் பாதி மாத்திரைகளைத்தான் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர் பழைய மனிதராக இல்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை கிறுகிறுக்கும். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஒருநாள் வாசலில் செருப்பைப் போடக் குனிந்தவர் படியில் சரிந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் நடப்பது என்றால் என் தோளில் கை இருக்க வேண்டும். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வந்த ஆள், ஜன்னல் ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க யோசித்தார். கேட்டால், “வயசாயிருச்சுல்ல” என்பார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். இதயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விரிக்கிறது, நம்மிடம் யாரும் சொல்லவில்லை என்று நான் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதில் எரிந்து எரிந்து விழுந்தேன்.

எங்கள் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் ஆகிறது என்று மகள் எங்களுக்கும், தனக்கும் பேத்திக்கும் சேர்த்துக் கப்பலில் இடம் போட்டாள். சென்னையில் ஏறி, இலங்கையைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஐந்தாம் நாள் சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள். அப்பா கொஞ்சம் மனசு மாறுவார் என்பது அவள் எண்ணம். அவர் சரி என்றார். பிறகு கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை மாடி ஏறி இறங்க வேண்டுமா, ஆடுமா என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் என்னிடம், “பேசாம நீயும் அவளும் போயிட்டு வாங்க. நான் இங்கன கெடக்கேன்” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்கள் வராவிட்டால் அந்தக் கப்பல் இருக்கும் திசையில்கூட நான் திரும்ப மாட்டேன் என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன். கடல் நடுவில் அந்த மனிதர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யார் தோளையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். கப்பலைப் பற்றி எனக்கிருந்த ஆசை அம்புட்டுத்தான்.

இந்தச் சமயத்தில்தான் மகளின் பாடம். கப்பல்காரர்கள் விதிமுறை அனுப்பியிருக்கிறார்களாம். மாத்திரைகள் பெயர் தெரிகிற மாதிரி அட்டையோடு இருக்க வேண்டும். என்ன நோய்க்கு என்ன மாத்திரை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள் என்பதால், மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். “ஒன் கவரெல்லாம் அங்க செல்லாதும்மா” என்றாள். என் கவர் செல்லாதா! அதற்குத்தான் அந்த ஒருநாள் மௌனம்.

மறுநாள் கோபம் ஆறி உட்கார்ந்து, வீட்டிலிருந்த அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். பாதிக்கு மேல் வெட்டின துண்டுகள். ஒன்றில் பெயரின் கடைசி மூன்று எழுத்து இருந்தது. ஒன்றில் அதுவும் இல்லை, கம்பெனியின் முத்திரை மட்டும். தெருமுனைக் கடைக்குப் போய், சிம்மக்கல் கடைக்குக் கொழுந்தனாரை விரட்டி, முழு அட்டை முழு அட்டையாக வாங்கிச் சேர்த்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஏழு பெயரையும் என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். அட்டையில் பெரிதாக அடித்திருக்கும் பெயர்தான் எனக்குப் பெயர். அதன் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் என்னவோ இருக்கும். முகவரியில் ஊர்ப் பெயரைப் படித்தால் போதும், அனுப்பியவர் யார் என்று நமக்கு எதற்கு? அந்தப் பழக்கம்.

குடும்ப டாக்டர் ஒரு பெண்மணி. எங்கள் இருவரையும் இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவர். அவரிடம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கொடுத்த தாள்களை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். நான்தான், அங்கே போனால் டோக்கன் போட்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், எல்லாம்தான் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று விட்டுவிட்டேன். தாள்கள் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

டாக்டரம்மா முதலில் எங்களை ஒரு பிடி பிடித்தார். எத்தனை மாதம் என்று கேட்டார், இரத்தம் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் கப்பல் கதையைச் சொல்லி, கடிதம் மட்டும் தாருங்கள் என்று தாளை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்து என் பட்டியலைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். முதல் பெயர் எழுதினார். இரண்டாவது எழுதினார். ஐந்தாவதில் பேனா நின்றது. மறுபடி மேலே போய் இரண்டாவதைப் பார்த்தார். அட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்டார். பையை அப்படியே கவிழ்த்தேன்.

இரண்டு அட்டைகளைப் பொறுக்கி என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெள்ளை, வட்டம். ஒன்று இளஞ்சிவப்பு, நீளம். பெரிய எழுத்தில் பெயர் வேறு வேறு. பொடி எழுத்தைப் படியுங்கள் என்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தேன். இரண்டிலும் ஒரே மருந்து.

“ரெண்டும் பிரஷர் மாத்திரைம்மா. கம்பெனிதான் வேற. ஒண்ணு நான் எழுதுனது, ஒண்ணு ஆஸ்பத்திரியில எழுதுனது. அதுக்குப் பதிலா இதுன்னு எழுதியிருப்பாங்க. நீங்க ரெண்டையும் சேத்துக் குடுத்திருக்கீங்க.”

அவரைப் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். நின்ற மனிதர் மேசை விளிம்பைப் பிடித்தார். டாக்டரம்மா எண் மளமளவென்று இறங்கியதைப் பார்த்துவிட்டு, இந்த அளவில் நானே தள்ளாடுவேன் என்றார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்தது வயசு இல்லை. எட்டு மாதம், தினம் தவறாமல், என் கையால் நான் கொடுத்த ஒரு மாத்திரை.

நாளை முதல் இளஞ்சிவப்பு வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள், அப்புறம்தான் கப்பலுக்குக் கடிதம் என்று சொல்லி அனுப்பினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஆட்டோவில் நான் வாயைத் திறக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள் சும்மா இருந்தால் அவருக்குப் பயமாகிவிடும். இரண்டு தடவை என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பாலத்தின் மேல் நெரிசலில் ஆட்டோ நின்றபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நான்தானே கொடுத்தேன், எட்டு மாதமாக என் கையால் கொடுத்தேன், நீங்கள் படியில் விழுந்த அன்றைக்குக்கூட மறக்காமல் கொடுத்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“குடுத்தது நீ. முழுங்குனது நானு” என்றார் அவர். “ஆளுக்குப் பாதின்னு வச்சுக்குவோம். அழுகாத.”

இப்படிப் பேசும் ஆளிடம் என்ன செய்வது? எனக்கு இன்னும் அழுகை கூடியது.

வீட்டுக்கு வந்து கவர்களை அத்தனையும் பிரித்துக் கொட்டினேன். இளஞ்சிவப்பை எல்லாம் பொறுக்கித் தனியாக வைத்தேன். மீதி ஆறு வகையையும் அட்டைகளையும் ஒரு டப்பாவில் போட்டு அவர் மடியில் வைத்தேன். இனிமேல் உங்கள் மாத்திரைகளை நான் தொடமாட்டேன், தலைகீழாக நின்றாலும் தொடமாட்டேன் என்றேன். அவர் டப்பாவையும் என்னையும் பார்த்தார். சரி என்றார்.

அவருக்கு மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரியும். மாத்திரை தெரியாது. காலையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று என்னிடம் கேட்க வாயெடுப்பார், கேட்கமாட்டார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்றாம் நாள் சர்க்கரை மாத்திரையைப் போடாமலே சாப்பிட்டுவிட்டார். நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை, சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்ற நினைப்பு. கை கழுவும்போது அவருக்கே ஞாபகம் வந்து போட்டுக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதுவும் ஒரு வீம்புதான் இல்லையா?

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பேப்பர் கீழே கிடந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நான் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் கிறுகிறுத்து நிற்கவில்லை. கிறுகிறுக்கவில்லையே என்று நின்றார். மறுபடி ஒரு தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “கடை வரைக்கும் ஒரு நட போயிட்டு வாரேன்” என்று கிளம்பிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். கை என் தோளைத் தேடவில்லை. சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. கொட்டின காப்பியைத் துடைக்கும்போதுதான் அது சந்தோஷம் என்று புரிந்தது.

பத்து நாள் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். படுத்து, உட்கார்ந்து, நின்று, மூன்றிலும் எண் நன்றாக இருந்தது. சீராக ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஒவ்வொரு வரியிலும் மருந்தின் சொந்தப் பெயர் முதலில், கம்பெனி வைத்த பெயர் அதற்குப் பக்கத்தில். கப்பல் குமட்டலுக்கு ஒரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். முத்திரை குத்திவிட்டு, கடிதத்தை வீட்டுக்காரர் பக்கம் நீட்டாமல் என் பக்கம் நீட்டினார். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். “வாங்கிக்கங்கம்மா. இவரு வச்சா நடுக்கடல்ல தேடிக்கிட்டு இருப்பாரு” என்றார். வீட்டுக்காரர் சிரித்தார். வாங்கிக்கொண்டேன்.

தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டி, எதையும் வெட்ட வேண்டாம், முழு அட்டையாகவே தாருங்கள் என்றேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, நீங்க அட்டைய நீட்டுவீக, நான் குடுத்துருவேன். இன்னொரு கடையிலயும் வாங்குறீகன்னு எனக்குத் தெரியாதுல்ல” என்றார். இனிமேல் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார். நான் பையை மூடுவதற்குள் ஒருவர் வந்து காலி அட்டையை நீட்ட, பேசிக்கொண்டே கத்தரியை எடுத்தார். நான் பார்த்த பார்வையில் கத்தரியை வைத்துவிட்டு, இது எதுக்குண்ணே சாப்பிடுறீக என்று அவரைக் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு ஒருவரையாவது கேட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. பேத்திக்குக் கதைப்புத்தகம் படிக்க வாங்கின பூதக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு அட்டையின் பொடி எழுத்தையும் வாய்விட்டுப் படித்தேன். கடிதத்தோடு ஒப்பிட்டு, பென்சிலால் டிக் போட்டேன். காலாவதி பார்த்தேன். ஐந்து நாளுக்குப் போதும். கப்பல் தாமதமானால் என்று இன்னும் ஐந்து நாளுக்கு வைத்தேன். கடிதத்தில் ஒரு நகல் கைப்பையில், ஒரு நகல் அவர் சட்டைப் பையில், படம் எடுத்து மகளுக்கு ஒன்று. என் தைராய்டு மாத்திரைகள் தனிப் பையில். அவர் தைலப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து இதையும் வை என்றார். கடிதத்தில் இல்லை என்றேன். “தலவலிச்சா யார்ட்ட கையெழுத்து வாங்குறது?” என்று முனகிக்கொண்டே போனார். பிறகு நானே எடுத்து வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து மூடினவள், மறுபடி திறந்து முதலிலிருந்து படித்தேன். மூன்று தடவை. மகள் போனில் இருந்தாள். ஏம்மா இப்படி உன்னையே சந்தேகப்படுகிறாய் என்றாள். தபால் மாறிப்போனால் திருப்பி அனுப்பிவிடலாம், இது அப்படியா என்று கேட்டேன்.

துறைமுகத்தில் எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. வெளியே கப்பல் நிற்கிறது. கட்டடத்தை அப்படியே பெயர்த்துத் தண்ணீரில் விட்டமாதிரி அத்தனை உயரம். பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகள் பேத்தியோடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். கைப்பை இயந்திரத்துக்குள் போய் வந்ததும், சீருடை போட்ட ஒரு பெண் அதைத் தனியாக இழுத்து வைத்தார். ஜிப்பைத் திறந்தார். அட்டை அட்டையாக எடுத்து மேசையில் அடுக்கினார். கடிதத்தைப் பிரித்து ஒன்றொன்றாக ஒப்பிட்டார். ஏதோ ஒன்று இரண்டாக இருக்கப்போகிறது, எல்லார் முன்னாலும் இந்தப் பெண் அதை எடுத்துக் காட்டப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பது பேர் பார்க்கிறார்கள்.

“இந்த மெடிசின் பையை யார் பேக் பண்ணது?” என்று கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதானாம், பிறகு மகள் சொன்னாள்.

நான் மேசையில் கிடந்த அட்டைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் எனக்கு ஓர் அடி முன்னால், எதையும் பிடிக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“என் வீட்டுக்காரம்மா” என்றார். “அவ வச்சா சரியா இருக்கும்.”

அந்தப் பெண் தலையாட்டி, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துப் பையை என்னிடம் தந்தார். நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவ்வளவுதான், ஆட்டோ கதை ஆகியிருக்கும்.

“நடங்க, பின்னாடி ஆளு நிக்குது” என்றேன்.